மருந்துக்குப் பழகியது குழந்தையின் உடம்பு அன்று

குழந்தைகளின் நரம்புச் செல்களில் தோன்றும் புற்றுநோயான நியூரோபிளாஸ்டோமா மகனுக்குத் திரும்ப வந்துவிட்டது என்றும், மருந்து கொடுத்ததில் உங்கள் கைப்பிசகு ஏதும் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் சொன்னவர் என் அத்தை.

நான் மருத்துவன் அல்லன். கோலாலம்பூர் செந்தூலில் வயரிங் வேலை செய்பவன். உனக்கெதற்கு இந்த ஆராய்ச்சி என்பவர்கள் தாராளமாகக் கடந்து செல்லலாம். கீமோ, அறுவை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தபின் என் மகளுக்கு ஐசோட்ரெட்டினோயின் கொடுத்தார்கள். முதிராமல் பெருகும் நரம்புச் செல்களை முதிரச் செய்யும் அம்மருந்தை 14 நாள் கொடுத்து 14 நாள் நிறுத்த வேண்டும். என் மனைவி கையுறை அணிந்து, குளிகையின் நுனியைக் கத்தரித்து, ஐஸ்கிரீமில் பிழிந்து ஊட்டுவாள். ஓர் இரவு குழந்தை அதை வாந்தியெடுத்துவிட்டாள். பின்னர் கட்டி திரும்பியபோது, அன்று மருந்து தவறியதால்தான் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று அத்தை அந்த ஓர் இரவைப் பிடித்துக்கொண்டார். என் மனைவியும் அதை நம்பிவிட்டாள்.

கட்டியின் முதல் பரிசோதனை அறிக்கையில் ஏஎல்கே என்ற மரபணுவில் மாற்றம் இருந்ததால், அதை அடைக்கும் மாத்திரை கைகொடுக்கும் என்றிருந்தோம். திரும்பிய கட்டியின் திசுவிலோ ராஸ் வகை மரபணுக்களுள் ஒன்றான என்ராஸின் மாற்றமும் சேர்ந்திருந்தது. ஏஎல்கே மரபணு உருவாக்குவது செல்லின் மேற்பரப்பில் இருந்து கட்டளையை வாங்கும் ஏற்பிப் புரதம். அது தூண்டப்பட்டால் ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற புரதங்களிடையே கைமாறி, பெருகச் சொல்லும் கட்டளை உட்கருவை அடைகிறது. ஒரு பழைய கடைவீட்டில் சுவிட்சை அணைத்தும் விசிறி நிற்காததால் கூரைக்குள் ஏறிப் பார்த்தேன். யாரோ சுவிட்சைத் தாண்டி இரண்டு வயர்களை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார். ராஸில் நேரும் மாற்றமும் அத்தகையதே. மேலே ஏஎல்கேயை அடைத்தாலும் கீழே கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்.

2015இல் வெளியான ஓர் ஆய்வில், 23 நோயாளிகளின் முதற்கட்டியையும் திரும்பிய கட்டியையும் ஒப்பிட்டபோது, திரும்பியவற்றுள் 18இல் இந்த ராஸ் வழியைத் தூண்டும் மாற்றங்கள் இருந்தன. அவற்றுள் 7 மாற்றங்கள் திரும்பிய கட்டியில் மட்டுமே தென்பட்டன. மற்றவை முதற்கட்டியிலேயே சிறுபான்மையாக இருந்து, சிகிச்சைக்குப் பின் ஓங்கியவை. மருந்துக்கு மடங்கிய செல்கள் அழிய, மடங்காதவை இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன; குழந்தையின் உடம்பு மருந்துக்குப் பழகுவதில்லை. வேளை தவறி மருந்து கொடுக்கலாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். வாந்தியெடுத்த ஒரு குளிகையின் தலையில் இத்தனையையும் கட்டக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

திரும்பிய கட்டியிலிருந்து புதிதாகத் திசு எடுத்துப் பரிசோதித்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பழைய அறிக்கை பழைய கட்டியைப் பற்றியதே.

மருத்துவர் என்ராஸ் என்ற சொல்லின் கீழ் பேனாவால் கோடிட்டுக் கொடுத்த தாளை அத்தையின் முன் வைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடி இல்லை என்று தள்ளிவிட்டார். என் மனைவிதான் அதை எடுத்துச் சென்று, அடுக்களை விளக்கடியில் நின்றபடியே கடைசி வரிவரை படித்தாள்.