நீல வரித் தேனீயின் சிற்றினப் பெயரைக் கேட்டால் ‘அமெகில்லா’ என்று மட்டும் சொல்லி ஏன் நிறுத்திக்கொள்கிறார்கள்?

துளசிச் செடிக்கு வந்த நீல வரித் தேனீயைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறீர்கள். இணையத்தில் தேடியதில் ‘அமெகில்லா சிங்குலாட்டா’ என்ற பெயர் கிடைத்ததாம். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டால் அதை ஒப்புக்கொள்ளாமல், ‘அமெகில்லா’ என்ற பேரினப் பெயரோடு, அதாவது நெருங்கிய பல சிற்றினங்களுக்கும் பொதுவான பெயரோடு, நழுவிவிடுகிறார்களாம். தெரியாததை மறைக்கத்தான் மழுப்புகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மழுப்பவில்லை. அவர்கள் நின்ற இடம்தான் சரியான இடம்.

நான் மயிலாடுதுறை வட்டாரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். முனைவர் பட்டம் இல்லாதவள் வகைப்பாட்டியலைப் பற்றிப் பேசலாமா என்று இங்கே யாராவது கிளம்பக்கூடும். பூச்சியை ஊசியில் ஏற்றி, சீட்டு எழுதி, பெட்டியில் அடுக்கி, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பாற்றியது இந்தக் கைதான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் சிங்குலாட்டாவை முடித்துவிடுவோம். கேப்டன் குக்கின் கப்பலில் போன ஜோசப் பேங்க்ஸ் ஆஸ்திரேலியாவில் திரட்டி வந்த பூச்சிகளைப் பார்த்து, டேனியப் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் 1775-இல் வைத்த பெயர் அது. அது ஆஸ்திரேலியத் தேனீயின் பெயர். அங்கே அது பிரபலம் என்பதால் இணையத்தில் அதன் படங்கள் ஏராளம். அதைப் பார்த்துவிட்டு நம் ஊர்ப் படங்களுக்கும் அதே பெயரை ஒட்டிவிடுகிறார்கள். நம் பக்கத்து நீல வரித் தேனீக்குப் பெரும்பாலும் ‘அமெகில்லா சொனாட்டா’ என்று எழுதுவது வழக்கம். அது உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1758-இல் வைத்த பெயர். ஆனால் சொனாட்டாவைப் போலவே வரி போட்ட நெருங்கிய சிற்றினங்கள் ஆசியாவில் பல உண்டு. வரியின் நிறத்தை நம்ப முடியாது. ஒளி படும் கோணம் மாறினால் நீலம் பச்சையாகத் தெரியும்.

பிறகு எதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்? பேரினம் வரை வருவதற்கு ஒரு நல்ல அடையாளத்தைச் சொல்கிறேன். அமெகில்லாவுக்கு நெருங்கிய உறவான அந்தோஃபோராவின் காலில், இரு நகங்களுக்கும் நடுவே சிறு மெத்தை போன்ற ஒரு பகுதி இருக்கும். அமெகில்லாவுக்கு அது கிடையாது. இரட்டைக் கண் நுண்ணோக்கியின் கீழ் காலைத் திருப்பிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். கைபேசிப் படத்தில் தெரியாது. சிற்றினத்துக்குப் போக வேண்டுமானால் முகத்தின் வெளிறிய குறிகளையும், உடலின் எந்தத் துண்டத்தில் எந்த நிற முடி என்பதையும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆண் தேனீயின் இனப்பெருக்க உறுப்பையும், வயிற்றின் கடைசியில் ஒளிந்திருக்கும் தகடுகளையும் பார்த்தாக வேண்டும்.

ஆண்களைப் பிடிப்பது சுலபம். அவற்றுக்குக் கூடு கிடையாது. பொழுது சாயும் நேரத்தில் வேலியோரத்துக் காய்ந்த தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வரிசையாகத் தூங்கும். கொட்டவும் கொட்டாது, ஆணுக்குக் கொடுக்கே இல்லை. கொண்டுவந்தபின் உடல் விறைத்துப்போவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். நெஞ்சில் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாக ஊசியை இறக்கி, நுனியைக் கொக்கியாக வளைத்த மெல்லிய ஊசியால் வால்முனையைத் திறந்து, அந்த உறுப்பைச் சேதமில்லாமல் வெளியே இழுத்து வைக்க வேண்டும். முடி நனைந்தால் ஒட்டிக்கொண்டு நிறம் பாழாகிவிடும். இந்த வேலைக்கு அவசரமும் பொறுமையும் சேர்ந்து வேண்டும்.

ஒரு படத்துக்குப் பெயர் வைப்பதற்காக உயிரைக் கொல்வதா என்று கோபப்படுவீர்கள். கொல்லச் சொல்லவில்லை, நீங்கள் கொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் ஆதாரமாகச் சில மாதிரிகள் எங்காவது பெட்டியில் இருந்தால்தான், மற்றவர்கள் கொல்லாமலே பேச முடியும். வயலுக்கு ஒரு தடவை மருந்து அடித்தால் சாகிறவற்றோடு ஒப்பிட்டால் அந்தப் பெட்டியில் இருப்பவை கொஞ்சம்தான்.

இங்கேதான் என் மனத்தாங்கல் வருகிறது. தேனீயோடு அதே ஊசியில் ஒரு சின்னச் சீட்டு குத்தப்பட்டிருக்கும். எந்த ஊர், எந்தத் தேதி, எந்தப் பூவில், பிடித்தவர் யார் என்று அதில் இருக்கும். எங்கள் துறையில் பழைய சீட்டுகள் எல்லாம் இந்தியன் இங்கில் கையால் எழுதியவை. ஒருமுறை கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. பெட்டிகள் பார்வைக்கு ஒரே சீராக இருக்க வேண்டும் என்று சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, கணினியில் அச்சடித்த புதியவற்றைக் குத்தச் சொன்னார்கள். புதிய சீட்டில் அறிவியல் பெயர், கீழே ‘தமிழ்நாடு’, அவ்வளவுதான். வேண்டாம் என்று சொன்னேன். பழைய சீட்டு அடியில் இருக்கட்டும், புதியது மேலே இருக்கட்டும் என்றும் கேட்டுப் பார்த்தேன். உதவியாளர் சொல் எந்த அம்பலத்தில் ஏறும்? சில ஆண்டுகள் கழித்துத் தேனீக்களின் பரவலை ஆராய்கிற பெண் ஒருவர் வெளியூரிலிருந்து வந்தார். பெட்டியைத் திறந்தார், வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார், மூடிவிட்டார். “அக்கா, அருமையாகப் பதப்படுத்தியிருக்கிறீர்கள். ஆனால் இதில் ஒன்றைக்கூட நான் வரைபடத்தில் வைக்க முடியாதே” என்றார். எந்த ஊர் என்று தெரியாத தேனீ அவருக்கு வெறும் அலங்காரம்தான்.

சொல்ல வந்ததற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டிகளை வைத்து எழுதப்பட்ட ஆய்வேடுகள் உண்டு. நன்றியுரையில் கல்லூரித் தாளாளர் முதல் தட்டச்சு செய்தவர் வரை அத்தனை பேரும் இருப்பார்கள். ஊசி குத்தியவர் பெயர் இருக்காது. பணம் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. ஒரு வரி எழுதியிருக்கலாம்.

ஊர்ப் பெயரில் அப்படி என்ன இருக்கிறது என்பவர்களுக்கு எங்கள் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தரங்கம்பாடி டேனியர்கள் கையில் இருந்தபோது அங்கிருந்து பூச்சிகள் ஐரோப்பாவுக்குப் போயின. அதே ஃபாப்ரிசியஸ் 1804-இல் ஒரு தச்சுத்தேனீக்கு வைத்த பெயர் இன்று ‘சைலோகோப்பா ட்ராங்குபாரிக்கா’ என்று வழங்குகிறது. தரங்கம்பாடியின் பெயர் அதில் அப்படியே இருக்கிறது. இரவில் பறக்கிற தேனீ அது. மேற்குத் தொடர்ச்சி மலையில், மகாராஷ்டிரத்தின் பீமாசங்கரில் ஆராய்ந்தவர்கள், நிலா இல்லாத இரவிலும் அது பறப்பதைக் கண்டு எழுதினார்கள். தாய்லாந்திலும் அது இருக்கிறது. அங்கே ஒருவர் அதைப் பிடித்து, இது அதுதானா என்று சந்தேகப்பட்டால், முதலில் விவரிக்கப்பட்ட மாதிரி எது, எங்கிருந்து வந்தது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஊர்ப் பெயரை ஒழுங்காகக் குறித்து அனுப்பியதால்தான் அது இன்று முடிகிறது.

இன்னும் பெரிதாகப் பார்த்தாலும் இதே கதைதான். உலகில் 20,000-க்கு மேற்பட்ட தேனீச் சிற்றினங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாத தனித்தேனீக்கள். தேனீக்களின் ஏழு குடும்பங்களில் ஸ்டெனோட்ரிடிடே என்ற குடும்பம் ஆஸ்திரேலியாவைத் தவிர வேறெங்கும் இல்லை. உலகின் மற்ற பகுதிகளில் மலிந்து கிடக்கும் ஆண்ட்ரினிடே என்ற குடும்பம் அங்கே இல்லவே இல்லை. அமெகில்லா அமெரிக்கக் கண்டங்களில் கிடையாது. ஹவாய்த் தீவுகளுக்கே உரிய தேனீக்கள் 60-க்கு மேல், அத்தனையும் ஹைலியஸ் என்ற ஒரே பேரினம். எது எங்கே உண்டு, எங்கே இல்லை என்று இப்படிச் சொல்ல முடிவதற்கும் ஊர்ப் பெயர் எழுதிய சீட்டுதான் ஆதாரம்.

காட்டில் மழை பெய்யப் பெய்யத் தேனீ வகையும் பெருகும் என்று நாம் நினைப்போம். ஆனால் தனித்தேனீக்கள் அதிகம் இருப்பது மத்தியதரைக் கடலோரம், அமெரிக்காவின் தென்மேற்கு போன்ற வறண்ட நிலங்களில்தான். யூட்டா மாநிலத்தில் கிராண்ட் ஸ்டேர்கேஸ் எஸ்கலாண்டே என்ற ஒரே பாதுகாக்கப்பட்ட பகுதியில் மட்டும் 660 சிற்றினங்கள் பதிவாகியிருக்கின்றன. மண்ணைத் தோண்டிக் கூடு வைக்கும் தேனீக்கு அடைமழை எதிரி. குஞ்சுக்காகச் சேர்த்து வைத்த மகரந்த உருண்டையில் பூஞ்சணம் பிடித்துவிடும். வெப்பமண்டலக் காடுகளில் மலைத்தேனீ, கொசுத்தேனீ போன்ற கூட்டுவாழ் தேனீக்கள் பூக்களில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதும் ஒரு காரணம். இந்தியா முழுவதற்குமே பதிவானவை 700 சொச்சம்தான், அமெரிக்க ஐக்கிய நாட்டில் சுமார் 4,000. இந்த வித்தியாசம் முழுக்க இயற்கையால் வந்தது என்று நான் நம்பவில்லை. நாம் தேடியது குறைவு, தேடியவற்றிலும் சீட்டைத் தொலைத்தது அதிகம்.

அதனால்தான் ‘அமெகில்லா’ என்று நிறுத்தியவர்கள் உங்களுக்கு நன்மை செய்திருக்கிறார்கள் என்கிறேன். தவறான சிற்றினப் பெயரோடு உங்கள் படம் ஒரு வரைபடத்தில் ஏறிவிட்டால், ஆஸ்திரேலியத் தேனீ ஒன்று நம் ஊர்த் துளசிக்கு வந்ததாகக் கணக்காகிவிடும். பிறகு அதை நீக்குவது பெரும்பாடு. அழகாகப் படம் எடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை. படத்தின் கீழே ஊர்ப் பெயரும் தேதியும் செடியின் பெயரும் சேருங்கள். முகத்துக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முதுகுப்புறம் ஒன்று எடுங்கள். உணர்கொம்பில் 13 கணுக்கள் இருந்தால் ஆண், 12 இருந்தால் பெண். அது தெரிகிற படமாக இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வியின் கடைசியில், அதே செடிக்குக் கறுப்பு உடலில் பளிச்சென்ற நீலப் புள்ளிகளோடு இன்னொன்றும் வருகிறது, அதுவும் அதே வகைதானா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்வது சரியாக இருந்தால் அது ‘தைரியஸ்’ என்ற வேறொரு பேரினமாக இருக்க வேண்டும். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது போல, அது அமெகில்லாவின் கூட்டுக்குள் முட்டையிடும் தேனீ. அது வந்து சுற்றுகிறது என்றால் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே எங்காவது அமெகில்லா கூடு இருக்க வாய்ப்பு அதிகம். மண்சுவர், மாட்டுக்கொட்டகை, செங்கல் இடுக்கு ஏதாவது இருந்தால், விரலளவுத் துளைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். சிமெண்ட் பூசுவதாக உத்தேசம் இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.