கார் ஏசியில் கூலிங் குறைந்திருக்கிறது; எஞ்சின் ஓடாதபோது கேஜ் 95 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டினால் கேஸ் ஃபுல்லா?

இல்லை. எஞ்சின் ஓடாதபோது லோ (குறைந்த அழுத்தம்), ஹை (உயர் அழுத்தம்) இரண்டு கேஜும் 95 காட்டுவது கிட்டத்தட்ட 30 டிகிரி வெப்பத்துக்கு உரிய அழுத்தம், கேஸின் அளவு அல்ல. ஆர்134ஏ (ஏசி கேஸ்) உள்ளே கொஞ்சம் திரவமாக மிச்சமிருந்தாலே போதும், அழுத்தம் வெப்பநிலையைத்தான் பின்பற்றும்: 30-இல் சுமார் 97, 40-இல் 133 பிஎஸ்ஐ. பாதி கேஸ் போயிருந்தாலும் இதே எண்தான் வரும்.

கூலிங் குறைந்திருப்பதால் கசிவைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஏசியை ஃபுல்லில் வைத்து 1500 ஆர்பிஎம்மில் பாருங்கள். லோ, ஹை இரண்டும் தாழ்ந்தால் கேஸ் குறைவு. லோ ஏறி ஹை இறங்கினால் கம்ப்ரசரில் (கேஸை அழுத்தும் பம்ப்) கோளாறு. இரண்டுமே ஏறினால் கண்டன்சர் (கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி) ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள்.

கேஜை மட்டும் நம்பி கேஸ் ஏற்றாதீர்கள். இருப்பதை ரிகவர் செய்து (மெஷினில் வெளியே எடுத்து), வேக்கம் போட்டு (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி), பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்கு எடைபோட்டு ஏற்றுங்கள். எஞ்சினை நிறுத்தியதும் சூடு ஆறாமல் எடுத்த ரீடிங் கூடுதலாகத்தான் காட்டும்.