மூக்குக்கண்ணாடியில் கட்டிய நூலை யாரும் கவனிக்கவில்லை என்றால்

உங்கள் படத்தில் தாத்தாவின் கண்ணாடி நூலை யாரும் கவனிக்கவில்லை, இன்னொரு க்ளோசப் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்க வேண்டாம். இருக்கிற ஒன்றையும் எடுத்துவிடுங்கள். உடைந்த மூக்குக்கண்ணாடியில் தாத்தா கட்டியிருக்கும் நூல், அன்றன்று போடும் சட்டையின் நிறத்துக்கு ஏற்ப மாறுகிறது; அருமையான யோசனை. கேமராவே அதைச் சுட்டிக்காட்டினால், பார்ப்பவர் தானாகக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் போய்விடும்.

கவனிக்காததற்குக் காரணம் அநேகமாக முதல் காட்சிதான். நீல நூல் தெரியும்போதே தாத்தா பேசிக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வசனம் வந்தால் கண் வாய்க்குத்தான் போகும். பேசும் முன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டட்டும், 3 வினாடி போதும். அடுத்த காட்சியில் பச்சை நூலைச் சும்மா விடுங்கள். அப்புறம், சட்டைக்குப் பொருந்தும் நூல் கிடைக்காமல் சட்டையையே மாற்றிக்கொண்டு வரட்டும். சிரிப்பு அங்கேதான். (அந்த ‘டொய்ங்’ இசையும் வேண்டாம், ப்ளீஸ்.)

படத்தைப் பார்க்காத ஒருவருக்குச் சத்தத்தை அணைத்துவிட்டுப் போட்டுக்காட்டுங்கள். நீங்கள் கேட்காமலே நூலைப் பற்றிச் சொல்கிறாரா பாருங்கள்.

ஒன்று மட்டும்: போனில் பார்ப்பவர்கள்தான் அதிகம் என்றால், தூர ஷாட்டில் நூல் தெரியவே தெரியாது. மார்பளவு ஷாட்டுக்கு வாருங்கள், நூலும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும்.