பேராயர்கள் வாக்களித்தால் நம் கோவிலுக்கும் செல்லுமா?

கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "பேராயர்கள் பெருவாரியாக வாக்களித்து, ஒருபாலினத் தம்பதியரை ஆசீர்வதிக்க முடிவெடுத்துவிட்டதாக லண்டன் மச்சாள் வாட்ஸ்அப்பில் அனுப்பினா. அடுத்த சபைக் கூட்டத்தில் என்னைக் கேட்பார்கள். எங்கள் அங்கிலிக்கன் கோவிலுக்கும் இது செல்லுமா, ஐயா?"

செல்லாது தங்கச்சி. அது 2023 பெப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் சினட்டில், அதாவது அதன் சட்டமியற்றும் மன்றத்தில், நடந்த வாக்கெடுப்பு. பேராயர்களில் 36 பேர் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு, 2 பேர் நடுநிலை. உங்கள் மச்சாளுக்கு வந்தது இந்த எண்ணாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே பேராயர்கள், குருமார், சபை மக்கள் என மூன்று அவைகள் உண்டு. அதே தீர்மானத்துக்குக் குருமார் அவையில் ஆதரவு 111, எதிர்ப்பு 85; சபை மக்கள் அவையில் ஆதரவு 103, எதிர்ப்பு 92. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தச் சபை எவ்வளவு பிளவுபட்டு நிற்கிறது என்று புரியும்.

பேராயர்களின் ஆதரவு மட்டும் போதாது என்பதற்கு 2012ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களைப் பேராயராக்கும் சட்டத்துக்குப் பேராயர்களில் 44 பேர் ஆதரவு, 3 பேர்தான் எதிர்ப்பு. குருமாரும் ஏற்றுக்கொண்டார்கள். சபை மக்கள் அவையில் 132க்கு 74. மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்ததால் ஆறே ஆறு வாக்கில் சட்டம் விழுந்தது. 2014இல்தான் நிறைவேறியது. 2017இல் திருமணம் பற்றிய பேராயர்களின் அறிக்கைக்கு அவர்களில் 43 பேர் ஆதரவு. எதிர்த்து விழுந்த ஒரே வாக்கும் பொத்தானைத் தவறாக அழுத்தியதால் வந்தது. அப்படியிருந்தும் குருமார் 93க்கு 100 என்று அதைத் தள்ளிவிட்டார்கள்.

பேராயர்களின் உண்மையான பலம் வாக்கை விட வரைவில் இருக்கிறது. விசுவாசக் கோட்பாடு, வழிபாட்டு முறை சார்ந்த எதுவும் அவர்கள் முன்வைக்கும் வாசகத்தில்தான் இறுதி வாக்கெடுப்புக்குப் போகும். மூன்று அவைகளும் தனித்தனியாக எண்ணப்படும்போது யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயரோடு வெளிவரும். பேராயர்கள் தனியே கூடிப் பேசுவது பெரும்பாலும் மூடிய கதவுக்குள்தான்.

உலகெங்குமுள்ள அங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லம்பெத் மாநாடு வேறு. 1998இல் அங்கே திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலானது என்ற தீர்மானம் 526க்கு 70 என நிறைவேறியது. அந்தத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு, சட்ட வலு இல்லை.

சரி, வன்னிக்கு வருவோம். நம் அங்கிலிக்கன் கோவில்கள் இலங்கைத் திருச்சபையின் கொழும்பு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கன்டர்பரி பேராயரே நமக்கும் தலைமைப் பேராயர் என்பதால்தான் இந்தக் குழப்பம். அவருடைய நாட்டுச் சினட் போடும் சட்டம் நம்மைக் கட்டாது. பக்கத்தில் தென்னிந்தியத் திருச்சபைக் கோவில் இருந்தால் அவர்களுடைய சினட்டும் வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசிவிடாதீர்கள்.

கூட்டத்துக்கு முன் உங்கள் குருவிடம் மறைமாவட்ட யாப்பை, அதாவது அதன் அடிப்படை விதிகளை, கேட்டு வாங்குங்கள். குருமாரும் சபை மக்களும் எப்போது தனித்தனியாக வாக்களிப்பார்கள், பேராயரின் சம்மதம் எங்கே தேவை என்ற பகுதிகளைப் படித்துவிட்டுப் போங்கள். இடம்பெயர்ந்து திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் ஒன்றாக ஜெபித்த சனம், போனில் வந்த பாதிக் கணக்குக்காக முகம் திருப்பிக்கொள்வதைப் பார்க்க எனக்கு மனம் தாங்காது. மச்சாளிடம் மற்ற இரண்டு அவைகளின் எண்ணிக்கையையும் அனுப்பச் சொல்லுங்கள்.