பி.எஸ்.ஏ. கூடியிருந்தால் உடனே பயாப்ஸியா?

கேள்வி: எனக்கு வயது 58. சிறுநீர் கழிப்பதில் சிரமம் எதுவும் இல்லை. முழு உடல் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 5.6 என்று வந்திருக்கிறது. புற்றுநோயாக இருக்குமோ? பயாப்ஸி செய்ய வேண்டுமா?

பதில்: முதலில் அதே ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பி.எஸ்.ஏ. என்பது, ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி இயல்பாகவே உண்டாக்கும் புரதம். வயதாகிச் சுரப்பி வீங்கினாலும், கிருமித் தொற்று வந்தாலும் ரத்தத்தில் இதன் அளவு ஏறும். வழக்கமான வரம்பான 4 நானோகிராமைத் (ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில்) தாண்டியதால் பயாப்ஸி, அதாவது ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது, செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. அதேபோல, 4-க்குக் கீழே இருப்பதை வைத்து நோயே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

சில வாரம் கழித்து, முடிந்தால் அதே ஆய்வகத்தில் ரத்தம் கொடுங்கள். அதற்கு முந்தைய 48 மணி நேரம் உடலுறவும் நீண்ட சைக்கிள் பயணமும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருந்திருந்தால், அது குணமாகி 6 வாரம் போகட்டும். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டிரைடு, டியூடாஸ்டிரைடு மாத்திரை எடுத்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் எடுத்தவருக்கு பி.எஸ்.ஏ. பாதியாகக் குறைந்துவிடும், 5.6 என்று வந்தால் 11 என்றே கொள்ள வேண்டும். முடி உதிர்வுக்குச் சாப்பிடும் ஃபினாஸ்டிரைடைப் பலர் ஒரு மருந்தாகவே கருதாமல் சொல்ல விட்டுவிடுகிறார்கள்.

மறுபடியும் கூடுதலாக வந்தால், பயாப்ஸிக்கு முன்பே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பதுதான் இன்றைய முறை. அதில் சந்தேகத்துக்கு இடமில்லாத கால்வாசிப் பேருக்கு ஊசியே தேவைப்படாமல் போகலாம். தேவைப்பட்டால், ஆசனவாய் வழியாக அல்லாமல் விதைப்பைக்குப் பின்புறத் தோல் வழியாகத் திசு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். தொற்று அபாயம் குறைவு.

இந்த பி.எஸ்.ஏ. பரிசோதனையால் சிலர் உயிர் பிழைப்பது உண்மை. ஆனால், ஐரோப்பாவில் 23 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், 456 ஆண்களைப் பரிசோதனைக்கு அழைத்தபோது தடுக்கப்பட்டது ஒரு மரணம். கண்டறியப்படும் புற்றுநோய்களில் பல மெதுவாக வளர்பவை, ஆயுள் முழுக்கத் தொந்தரவே தராதவை. அவற்றையும் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என்று துரத்தினால் சிறுநீர்க் கசிவும் விறைப்புக் குறைபாடும் மிஞ்சலாம். எனவே, பயாப்ஸியில் க்ளீசன் 6 (புற்றுநோயின் வீரியத்தைக் காட்டும் மதிப்பெண்ணில் மிகக் குறைந்த நிலை) என்று அறிக்கை வந்தால் பெரும்பாலும் சிகிச்சையைத் தள்ளிவைத்து, பி.எஸ்.ஏ.வையும் எம்.ஆர்.ஐ.யையும் குறித்த இடைவெளியில் பார்த்துவரலாம். அலட்சியம் என்று உறவினர்கள் பதறக்கூடும். இதுவும் முறையான மருத்துவம்தான்.

அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால், அல்லது குடும்பத்தில் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக் கோளாறு இருந்தால், காத்திருக்கும் விஷயத்தில் மருத்துவர் இன்னும் கறாராக இருப்பார். சிறுநீரில் ரத்தம், விடாத எலும்பு வலி இருந்தால் மேலே சொன்ன நிதானம் எதுவும் பொருந்தாது. தாமதிக்காமல் சிறுநீரகவியல் நிபுணரைப் பாருங்கள்.