எக்செல் சூத்திரத்தில் எஃப்4 அழுத்தினால் டாலர் குறி வராமல் ஒலி குறைகிறதா?

எஃப்என் விசையோடு சேர்த்து எஃப்4 அழுத்துங்கள். டாலர் குறி வந்துவிடும். ஒலி குறைகிறது என்கிறீர்கள் அல்லவா, அப்படியானால் எக்செலில் கோளாறு இல்லை. பல மடிக்கணினிகளில் மேல்வரிசை விசைகள் ஒலி, திரை வெளிச்சம் ஆகியவற்றுக்கே முதலில் ஒதுக்கப்பட்டிருக்கும். நிறைய மாடல்களில் எஃப்என்னுடன் எஸ்கேப்பை ஒருமுறை அழுத்தினால் இந்த ஏற்பாடு மாறிவிடும்.

இப்படிச் சோதியுங்கள். ஒரு கட்டத்தில் =பி2*ஈ1 என்று ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். என்டர் அழுத்தாமல், கர்சர் ஈ1-ஐ ஒட்டி நிற்கும்போதே எஃப்4-ஐத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். $ஈ$1, ஈ$1, $ஈ1, பிறகு பழையபடி ஈ1 என்று சுற்றி வர வேண்டும். வரி விகிதம் ஈ1-இல் இருந்தால் உங்களுக்கு வேண்டியது முதல் வடிவம்தான். கீழே இழுத்து நகலெடுத்தாலும் அது நகராது.

ஒன்றை மறக்க வேண்டாம்: சூத்திரத்தைத் திருத்தும் நிலையில் இல்லாதபோது எஃப்4 கடைசியாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும். கட்டத்துக்கு நிறம் கொடுத்திருந்தால் மறுபடி நிறம்தான் விழும். எனவே முதலில் எஃப்2 அழுத்தித் திருத்தும் நிலைக்கு வாருங்கள்.

எக்செல் தேர்வு எழுதப் போகிறீர்கள் என்றால், தேர்வுக்கூடத்து மேசைக்கணினி விசைப்பலகைகளில் பெரும்பாலும் எஃப்என் இருக்காது. வீட்டிலும் தனி எஃப்4-இலேயே விரலைப் பழக்குங்கள். அங்கே விசை வேலை செய்யாவிட்டால் பதற வேண்டாம், ஷிஃப்டுடன் 4 அழுத்தி டாலரைக் கையாலேயே இடலாம், விடை ஒன்றுதான்.