மன்னித்த பிறகும் கொடுத்த காசைக் கேட்கலாமா?

"மன்னித்துவிட்டால் காசைத் திரும்பக் கேட்பது விசுவாசத்துக்கு எதிரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்றியது சொந்தமாகவோ கோயில் ஆளாகவோதான் இருக்கும். முன்பின் தெரியாதவன் என்றால் இந்தக் கேள்வியே வந்திராது. தாராளமாகக் கேட்கலாம். நாங்கள் கேட்டோம்.

திருகோணமலையில் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு அக்கா சீட்டுப் பிடித்தார். அம்மா கருவாடு விற்றுக் கட்டிய காசு, தங்கச்சியின் கலியாணத்துக்கென்று வைத்தது. எங்கள் முறை வந்தபோது அவர் கையை விரித்துவிட்டார். வங்கிக்குப் போனால் அரச உத்தியோகத்தர் இரண்டு பேரின் பிணை கேட்கிறார்கள். கருவாடு விற்கிற பெண்ணுக்கு யார் பிணை நிற்பார்? சீட்டை விட்டால் எங்களுக்கு வேறு என்ன வழி?

அதைவிட நொந்தது ஊர்க்கதை. தவக்காலத்தில் சிலுவைப்பாதை முடிந்து வெளியே வந்தால், "எழுபது தரம் ஏழு தரம் மன்னிக்கச் சொல்லியிருக்குத்தானே பிள்ளை, விட்டுடுங்கோ" என்பார்கள். அந்த அக்காவிடம் போய்க் காசைக் கொடுக்கச் சொன்னவர் ஒருவருமில்லை.

இயேசு தன் சீடர் பேதுருவிடம் அப்படிச் சொன்னது மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில். அதே அதிகாரத்தில் அதற்குச் சற்று முன்னால், உன் சகோதரன் குற்றம் செய்தால் தனியே போய் எடுத்துச் சொல், கேளாவிட்டால் ஓரிருவரைக் கூட்டிப்போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல் என்றும் இருக்கிறது. குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புக் கிடைத்தாலும் களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை போகாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. 2019 உயிர்த்த ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுத் தாக்குதல் நடத்தியவர்களை மன்னித்துவிட்டோம் என்று 2020இல் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் சொன்னார். அதன் பிறகும் நீதி கேட்பதை அவர் நிறுத்தவில்லை.

அம்மா முதலில் தனியாகப் போனார். பிறகு பங்கில் மூத்தவர்கள் இருவரோடு போனோம். கடைசியில் பங்குச் சுவாமியிடம் (குருவிடம்) சொன்னோம். கொஞ்சம் கொஞ்சமாகப் பாதிக்கு மேல் வந்தது. மிச்சத்தை வேண்டாமென்றது அம்மாதான். இழந்தவர் அவர், விடுகிற உரிமையும் அவருக்குத்தான், கோயில் வாசலில் நின்று புத்தி சொல்கிறவர்களுக்கு இல்லை. அந்த அக்காவின் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனதும் அம்மாதான்.

காசாசை பிடித்தவள் என்று கீழே எழுதப் போகிறவர்கள் மத்தேயு 18ஐ முழுதாக வாசித்துவிட்டு எழுதுங்கள். கேள்வி கேட்டவருக்கு: முதல்முறை தனியாகவே போங்கள், நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். கொடுத்ததற்குத் துண்டோ குறிப்போ இருந்தால் அதையும் கையில் கொண்டுபோங்கள்.